தற்கால வாசம்

வக்கீல் தனசிங்கின் குமாஸ்தா உலகநாதனுக்குச் சொந்தமாக ஓர் அபிப்பிராயம் கிடையாது என்று அவர் மனைவி நாகம்மா சொல்வாள். அது கொஞ்சம் கூடுதலான பேச்சுதான். கத்தரிக்காய் எந்தப் பதத்தில் வேக வேண்டும், வெற்றிலைக்கு எவ்வளவு சுண்ணாம்பு என்பதிலெல்லாம் அவருக்குத் திட்டமான கருத்து உண்டு. சட்டம், கோர்ட்டு, சர்க்கார் என்று பேச்சு வந்துவிட்டால்தான் மனுஷன் வாய்க்குள் வக்கீல் ஐயா வந்து உட்கார்ந்துகொள்வார்.

வக்கீல் ஐயா நாசரேத்துப் பக்கத்துக் கிறிஸ்தவர். சிக்கந்தராபாத்தில் ஜேம்ஸ் தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில் அவருடைய ஆபீஸ். போர்டு மாட்டி இருபத்தெட்டு வருஷம் ஆகியும் திருநெல்வேலிப் பேச்சில் ஓர் எழுத்துகூடத் தேயவில்லை. காலையில் பத்திரிகை வந்ததும் மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, உலகத்தின் மேல் தீர்ப்பு எழுத ஆரம்பிப்பார். எதிரில் உலகநாதன் முத்திரைத்தாளில் கோடு போட்டுக்கொண்டே கேட்பார்.

"நீதிபதிக்கு வேல சட்டத்த வாசிக்கது வேய். எழுதுதது இல்ல. இரக்கம் வேணும்னா கோயிலுக்குப் போகணும். கோர்ட்டுக்கு வாரவனுக்கு என்ன வாசகம் இருக்கோ அதுதான்."

"ஆமாங்கய்யா."

"மெட்ராஸ்ல தேர்தல் வெச்சு மந்திரிசபை அமைச்சிருக்கானுவ. கூட்டம் கேக்குததையெல்லாம் இனிச் சட்டமாக்குவானுவ. ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு சட்டம் போட்டா, கடைசியில எது சட்டம்னு ஒருத்தனுக்கும் தெரியாது. பெறவு தடி வெச்சிருக்கவன் சொல்லுததுதான் நடக்கும். நான் சொல்லுதது தப்பா?"

"தப்பு இன்னாங்கய்யா இருக்குது."

அன்று மாலை லாலாகுடா ரயில்வே பட்டறையைத் தாண்டி, ஹப்சிகுடா போகும் மண் பாதையில் இருக்கும் தம் வீட்டுக்குப் போய், அடுப்பில் சோள மாவில் ஜொன்ன ரொட்டி தட்டிக்கொண்டிருக்கும் நாகம்மாவிடம் அதையே சொல்வார். "கூட்டம் கேக்கறதெல்லாம் சட்டம் ஆயிட்டா இன்னா ஆவும் தெரியுமா?" என்பார். நாகம்மா ரொட்டியைத் திருப்பிப் போட்டுவிட்டு, "விறகு ஈரமா கீது, ஊதுய்யா" என்பாள்.

வக்கீல் ஐயாவிடம் இருந்த பிடிப்புகளில் எல்லாம் பெரிய பிடிப்பு ஒரு வாசகத்தில் இருந்தது. தமிழர்களுக்கு எந்தப் பத்திரம் எழுதினாலும், பெயருக்குப் பிறகு சொந்த ஊரைத்தான் முதலில் எழுத வேண்டும். இருக்கிற இடம் அதற்குப் பிறகு, 'தற்கால வாசம்' என்ற சொல்லோடு வர வேண்டும். 'வட ஆற்காடு ஜில்லா குடியாத்தம், தற்கால வாசம் ஹைதராபாத் சமஸ்தானம் லாலாகுடா.' உலகநாதன் சாட்சிக் கையெழுத்துப் போடும்போது தமக்கு இப்படித்தான் எழுதிக்கொள்வார். வருஷத்துக்கு நாற்பது ஐம்பது பத்திரங்களில் அந்த வரி அவர் கையால் விழும்.

அது வெறும் பிடிவாதம் அல்ல. பல வருஷங்களுக்கு முன்பு கட்டட காண்டிராக்டர் ஒருவர் செத்துப்போய், அவருடைய விதவை செல்லம்மாவை வீட்டைவிட்டுத் துரத்த மைத்துனன்மார்கள் வழக்குப் போட்டார்கள். செத்தவர் சமஸ்தானத்துக் குடியா, மதராஸ் குடியா, எந்த ஊர்ச் சட்டப்படி சொத்து இறங்கும் என்று கேள்வி வந்தது. பழைய பத்திரத்தில் இருந்த 'தற்கால வாசம்' என்ற ஒரு சொல்லைப் பிடித்து, அவர் மதராஸ் குடிதான் என்று காட்டித்தான் தனசிங் அந்த வழக்கை ஜெயித்தார். செல்லம்மாவுக்கு வீடு நின்றது. எதிர்க்கட்சி அப்பீலுக்குப் போய், அது இன்னும் முடியாமல் கிடந்தது. அன்றிலிருந்து அந்தச் சொல் இல்லாமல் ஒரு காகிதமும் ஆபீஸைவிட்டு வெளியே போனதில்லை.

அந்த வருஷம் சமஸ்தானக் கணக்கில் பசலி ஆயிரத்து முந்நூற்று நாற்பத்தாறு, இங்கிலீஷ் கணக்கில் 1937. வெயில் காலம். பாறைகள் பகலெல்லாம் சூட்டை வாங்கிச் சாயந்திரம் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தன. சந்திரமோகன் என்ற இளவயது வக்கீல் ஒரு தாளைக் கையில் எடுத்துக்கொண்டு தமிழர்கள் வீடு வீடாக அலைந்தார். சமஸ்தானத்தில் சர்க்கார் வேலைக்கு முல்கியாக, அதாவது அந்த மண்ணுக்குரியவராக இருக்க வேண்டும் என்பது சட்டம். தலைமுறையாக இங்கேயே இருக்கும் தமிழர்களை விசாரணை இல்லாமலே முல்கியாக ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று ஒரு கூட்டு விண்ணப்பம் அவர் தயாரித்திருந்தார். அதோடு தனசிங்கிடமும் வந்தார்.

"வீட்டுக்காரன் பிள்ள பசியோட நிக்கயில விருந்தாளிக்கு இலை போடுவாவளா தம்பி?" என்றார் தனசிங். "இந்த ஊரு சர்க்கார் தன் ஆளுக்கு வேல குடுக்கேங்கு. அது நியாயந்தான். பதினஞ்சு வருஷம் குடியிருந்து, திரும்பிப் போவ மாட்டேன்னு மாஜிஸ்திரேட்டு முன்னால சத்தியம் பண்ணுனா வெளியூர்க்காரனுக்கும் முல்கி சர்டிபிகேட் உண்டுன்னு வழி வெச்சிருக்கு. வழி இருக்கையில சுவரு ஏறிக் குதிக்கது என்ன பழக்கம்?"

சந்திரமோகன் உலகநாதனைப் பார்த்தார். "நீங்களாவது ஒரு கையெழுத்துப் போடுங்க சார்."

"சட்டத்துல வழி இருக்குதுங்களே," என்றார் உலகநாதன்.

அடுத்த வாரமே அந்த வழியில் அவரே நடக்க வேண்டியதாயிற்று.

உலகநாதனின் ஒரே மகள் அன்னக்கிளி. வயது இருபது. உள்ளூரிலேயே படித்து, உபாத்தியாயினிப் பயிற்சியும் முடித்திருந்தாள். தமிழ் புரியும், பேசுவாள், எழுத்துக் கூட்டிக்கூட வாசிக்கத் தெரியாது. உருதுவோ, முனிஷிகளே மெச்சும்படி எழுதுவாள். தெலுங்கு தெருவிலேயே வந்துவிட்டது. நகரத்தில் புதிதாகத் திறக்கும் பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்றில் அவளுக்கு வேலை என்று உத்தரவு வந்தது. கீழே ஒரு வரி இருந்தது. முல்கி சர்டிபிகேட் கொடுத்தால்தான் வேலை நிலைக்கும், ஆடி முடிவதற்குள் கொடுத்தாக வேண்டும். பெண்ணுக்காகத் தகப்பன் போய் வாங்குவதுதான் வழக்கம்.

"வேலை கிடைச்சிடுச்சு இல்ல?" என்று நாகம்மா இரண்டு தடவை கேட்டாள். கேட்டுவிட்டு அடுப்படியில் போய்க் கொஞ்ச நேரம் ஒன்றும் செய்யாமல் நின்றாள். பெண்ணைப் படிக்க வைக்கிறேன் என்று அவள் அண்ணன் தம்பிகளிடம் வாங்கிய பேச்சு அவளுக்குத்தான் தெரியும்.

பக்கத்து வீட்டு மஸ்தான் பாய் ரயில்வே பட்டறையில் கொதிகலன் மேஸ்திரி. விஷயம் கேள்விப்பட்டு, கைக் கரியைக்கூடக் கழுவாமல் வந்தார்.

"ஃபிகர் நக்கோ கரோ, உலகநாதன் சாப்," என்றார். கவலைப்பட வேண்டாம், தாமும் தெருக்காரர்கள் நாலு பேரும் கோர்ட்டுக்கு வந்து, இந்த மனுஷனை இருபத்தாறு வருஷமாகத் தெரியும், இவர் இந்தத் தெருவின் ஆள் என்று சொல்லிவிடுகிறோம் என்றார். அன்னக்கிளி நடை பழகியது தம் வீட்டு முற்றத்தில்தான் என்று அதையும் சேர்த்துக்கொண்டார்.

உலகநாதனுக்கு அது பிடிக்கவில்லை. வாய்ச் சாட்சி என்றால் வக்கீல் ஐயாவுக்கு இளக்காரம். "நாலு பேரு வந்து பேசுனா அஞ்சாவது ஆளு மாத்திப் பேசுவான்" என்பார். அதனால் மஸ்தான் பாயிடம் பக்குவமாகச் சொன்னார்.

"நீங்க சொன்னதே போதும் பாய். எங்கிட்ட எழுத்தாவே இருக்குது."

இருந்ததுதான். ஆபீஸ் அலமாரியிலிருந்து வருஷத்துக்கு ஒன்றாகப் பதினேழு பத்திரங்களின் நகல்களை எடுத்தார். எல்லாம் பதிவு முத்திரை விழுந்தவை. ஒவ்வொன்றிலும் சாட்சி உலகநாதன், லாலாகுடா. தேதி வாரியாக அடுக்கி, சிவப்பு நாடா கட்டி, மேலே ஓர் அட்டவணையும் வைத்தார். பதினைந்து வருஷம் கேட்டதற்குப் பதினேழு வருஷம் காட்டுகிறோம் என்று அவருக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை. வக்கீல் ஐயாவும் கட்டைக் கையில் தூக்கிப் பார்த்து, "இது போதும் வேய். நான் வரணும்னே இல்ல. இதுவே பேசும்," என்றார்.

அது பேசத்தான் செய்தது.

மாஜிஸ்திரேட் வயதானவர், மரியாதைக்காரர். உலகநாதனுக்கு நாற்காலி போடச் சொன்னார். கட்டைப் பிரித்தவர் முகத்தில் ஒரு மலர்ச்சி. இவ்வளவு சுத்தமான கட்டு இந்த மேஜைக்கு வந்து எத்தனையோ நாளாயிற்று என்று உருதுவில் சொன்னார். அன்னக்கிளி முக்காட்டைச் சரிசெய்துகொண்டு அப்பாவைப் பார்த்துச் சிரித்தாள். மொழிபெயர்ப்பாளர் முதல் பத்திரத்தின் சாட்சி வரியை வாசித்தார். "வதன் குடியாத்தம், ஹால் முகீம் லாலாகுடா." அடுத்ததை வாசித்தார். அதற்கடுத்ததை வாசித்தார். ஆறாவது பத்திரத்தில் மாஜிஸ்திரேட் கையை உயர்த்தினார்.

"ஹால் முகீம் என்றால், இப்போதைக்கு இங்கே தங்கியிருக்கிறேன் என்று பொருள். நீங்கள் எழுதியதுதானே?"

"ஆமாம் ஹுஸூர்."

"பதினேழும் இப்படித்தானா?"

"ஆமாம் ஹுஸூர்."

மாஜிஸ்திரேட் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். அவர் சொன்னதை அன்னக்கிளி ஒரு சொல் விடாமல் புரிந்துகொண்டாள். உலகநாதனுக்கு முக்கால்வாசி புரிந்தது. பதினைந்து வருஷம் குடியிருந்தது சந்தேகமில்லாமல் ருசுவாகிவிட்டது. ஆனால் சட்டம் இரண்டாவதாக ஒன்று கேட்கிறது. திரும்பிப் போகும் எண்ணம் இல்லை என்று கேட்கிறது. நீங்களோ ஒவ்வொரு வருஷமும், சாட்சியாக நின்று, இப்போதைக்குத்தான் இருக்கிறேன் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள். இன்று வந்து வேறு மாதிரி சத்தியம் செய்தால் நான் எதை நம்புவது? வெறும் கையோடு நாலு அண்டை வீட்டாரைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தால் நான் இந்தக் கேள்வியே கேட்டிருக்க மாட்டேன்.

"அது ஒரு வாசகம் ஹுஸூர். எங்க வக்கீல் எழுதற வழக்கம்," என்றார் உலகநாதன். சொல்லும்போதே ஏதோ திருடிவிட்ட மாதிரி இருந்தது அவருக்கு.

"அப்படியானால் அவரே வந்து, அது அர்த்தமில்லாத வழக்கம் என்று பிரமாணம் கொடுக்கட்டும். அன்றைக்கே சர்டிபிகேட் கொடுக்கிறேன்."

திரும்பி வருகிற வழியில் முதல் மழை பிடித்துக்கொண்டது. அன்னக்கிளியின் முக்காடு நனைந்து நெற்றியில் ஒட்டியிருந்தது. பெரிய பாலம் தாண்டும்போது, "கைக்கு அப்பா, ஏன்? அந்தப் பேப்பரெல்லாம் எதுக்கு எடுத்துட்டுப் போனீங்க?" என்று மட்டும் கேட்டாள்.

மறுநாள் காலையில் தனசிங் அந்த உத்தரவை மூன்று தடவை வாசித்தார். ஜன்னலுக்கு வெளியே ஓட்டுத் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது.

"சரியான உத்தரவு," என்றார். "அந்த நாற்காலியில நான் இருந்தாலும் இதத்தான் எழுதியிருப்பேன்."

உலகநாதன் நின்றுகொண்டே இருந்தார். "ஐயா ஒரு பிரமாணம் குடுத்தா போதும்னாருங்க. அந்தச் சொல்லு ஒரு வழக்கத்துக்கு எழுதனதுதான்னு. ஒரு வரிங்கய்யா."

"ஒரு வரிதான். அந்த ஒரு வரிய நான் எழுதிக் குடுத்தா, நாளைக்கே செல்லம்மா மைத்துனன் அதத் தூக்கிக்கிட்டு அப்பீல் கோர்ட்டுக்குப் போவான். தனசிங்கே சொல்லிட்டாரு, அந்தச் சொல்லுக்கு அர்த்தமில்லன்னு. அறுபத்தஞ்சு வயசுல அவ எங்க போவா?"

"அது வேற பத்திரம், இது வேற ஆளுங்கய்யா."

"ஒரே சொல்லு வேய். எனக்கு வேணுங்கப்ப அர்த்தம் உண்டு, வேண்டாங்கப்ப இல்லன்னு சொன்னா நான் வக்கீல் இல்ல." தனசிங் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அதையும் விடும். எனக்கு ஒண்ணு சொல்லும். அந்தச் சொல்லு பொய்யா?"

உலகநாதன் மேஜையில் கிடந்த சிவப்பு நாடாவைச் சுருட்ட ஆரம்பித்தார்.

"மனசுல கைய வெச்சுச் சொல்லும். போன தைல என்ன சொன்னீரு? அன்னக்கிளி கல்யாணத்த முடிச்சிட்டுக் குடியாத்தத்துக்கே போயிருதேன்யான்னு இந்த இடத்துல நின்னு சொல்லல? உங்க அண்ணன் வீட்டுப் பக்கத்து மனைய யாருக்கும் குடுக்கக் கூடாதுன்னு என்னைய வெச்சுத்தான கடுதாசி எழுதுனீரு? நீரு திரும்பிப் போவணும்னுதான் வேய் இருக்கீரு. இருபத்தாறு வருஷமா அப்படித்தான் இருக்கீரு. நிசத்த எழுதுனதுக்கு நான் எப்படிப் பொய்யின்னு பிரமாணம் பண்ணுவேன்?"

அதில் ஒரு சொல்லையாவது மறுக்க முடிந்திருந்தால் உலகநாதனுக்கு அவ்வளவு வலித்திருக்காது. எல்லாம் உண்மை. மே மாதம் ஊருக்குப் போய் இறங்கும்போது அவருக்கு மூச்சே வேறு மாதிரி வரும். இங்கே அவர் ஒரு முருங்கைக் கொம்புகூட நட்டதில்லை. போகப் போகிறவன் எதற்கு நட வேண்டும் என்றுதான்.

தனசிங் எழுந்து அலமாரியிலிருந்து விதிப் புத்தகத்தை எடுத்தார். அவருக்கு உண்மையாகவே உதவ வேண்டும் என்று இருந்தது. உதவி என்றால் அவருக்குப் புத்தகத்துக்குள்தான் தேடத் தெரியும்.

"இங்க பாரும். வேற வழி இல்லாம இல்ல. முல்கிக்கு வாக்கப்பட்டவளும் முல்கிதான். தெளிவா இருக்கு. நல்ல தெலுங்குக் குடும்பமாப் பாத்து ஆடிக்கு முன்னாடி முடிச்சிரும். அந்தப் பிரமாணத்த நான் சந்தோசமா எழுதித் தாரேன்."

உலகநாதன் இருபத்தாறு வருஷத்தில் அந்த அறையில் குரலை உயர்த்தியதில்லை. அன்றைக்கும் உயர்த்தவில்லை.

"ஒரு சொல்லக் குடுக்க மனசு வரலை உங்களுக்கு. எம் பொண்ணக் குடுக்கச் சொல்றீங்க."

தனசிங்கின் முகம் சுருங்கிப் போயிற்று. புத்தகத்தை மூடினார். மூடியதை மறுபடி திறந்தார். "சட்டத்துல இருக்கதச் சொன்னேன்," என்றார், மெதுவாக.

இரண்டு நாள் வீட்டில் அடுப்பு பேருக்குத்தான் எரிந்தது. நாகம்மா வக்கீல் குடும்பத்தை ஏழு தலைமுறைக்கும் சேர்த்துப் பேசினாள். மஸ்தான் பாய் வாசலில் வந்து நின்று, தாம் வந்து சாட்சி சொன்னால் இப்போதாவது செல்லுமா என்று கேட்டுவிட்டுப் போனார். செல்லாது. எழுத்து முந்திக்கொண்டுவிட்டது.

மூன்றாம் நாள் சாயந்திரம் அன்னக்கிளி எங்கிருந்தோ உருதுவில் அச்சடித்த விதிகளை வாங்கிக்கொண்டு வந்தாள். அப்பாவுக்கு எதிரில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள்.

"அப்பா, இதுல ஷக்ஸ்னு இருக்கு. ஷக்ஸ்னா ஆள். ஆம்பளைன்னு இல்ல, தகப்பன்னு இல்ல. எனக்கு இருபது வயசு. நான் இங்கயே பொறந்தேன். நானே போய்ச் சத்தியம் பண்றேன்."

"நீ எங்கிருந்து வந்த, திரும்பிப் போவ மாட்டேன்னு சொல்றதுக்கு?" என்றாள் நாகம்மா.

"அதேதாம்மா. எனக்கு வேற ஊரே இல்ல."

"குடியாத்தம் இல்லியா?" உலகநாதன் கேட்டார். கேட்டிருக்க வேண்டாம்.

"நாலு தடவை போயிருக்கேன்ப்பா. அங்க என்னை ஹைதராபாத் பொண்ணுன்னாங்க. இங்க கோர்ட்டுல குடியாத்தம்ங்கறாங்க." அவள் காகிதத்தை மடித்தாள். "என்னை முல்கி இல்லன்னு சொன்னது அந்த மாஜிஸ்திரேட் இல்லப்பா. நீங்கதான். பதினேழு தடவை சொல்லியிருக்கீங்க. என்னைக் கேக்கல."

அதைக் கோபமாகச் சொல்லியிருந்தால் அவர் அதட்டியிருப்பார். அவள் பாடம் ஒப்பிப்பதுபோலச் சொன்னாள்.

அவளே மறுநாள் வக்கீல் ஆபீஸுக்கும் வந்தாள். தனசிங் முழுவதும் கேட்டார். அவர் முகத்தில் அத்தனை நாளில்லாத ஒரு வெளிச்சம்.

"கெட்டிக்காரி," என்றார். "ஷக்ஸ். சரியான பிடி. ஆனா ஒரு தடை இருக்கு தாயி. கல்யாணமாவாத மவ தகப்பன் கூரைக்குக் கீழ இருந்தா, தகப்பன் வாசம்தான் அவ வாசம். அவரு தற்காலம்னா நீயும் தற்காலம். நீ தனியா இருக்கணும். அவரு ஆதரவுல இல்ல, அவரு வீட்டோட ஒட்டு உறவு இல்லன்னு பிரமாணம் பண்ணணும்."

"பண்றேன்."

"பண்ணுதேன்னா ஆயிருச்சா? அது நிசமா இருக்கணும். பொய்ப் பிரமாணம் நான் எழுத மாட்டேன். மொதல்ல வீட்ட விட்டுப் போ. பெறவு வா."

அவள் போனாள். நகரத்தில் மிஷன்காரர்கள் நடத்தும் பெண்கள் விடுதியில் ஒரு கட்டில் கிடைத்தது. தனசிங்கின் மனைவி ஜெயசுந்தரிதான் சிபாரிசு செய்தாள். ஒரு தகரப் பெட்டி, ஒரு ஜமக்காளம். நாகம்மா ஊறுகாய் ஜாடியைக் கொடுக்க வந்தபோது, "நக்கோம்மா, வீட்டுச் சாமான் எதுவும் வேணாம்," என்றாள் அன்னக்கிளி. ஊறுகாயில்கூட ஒட்டு உறவு வந்துவிடுமோ என்று அவளுக்குப் பயம். ஜட்கா மண் பாதையில் திரும்பும்வரை நாகம்மா ஜாடியைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள்.

ஐந்தாம் நாள் தனசிங் பிரமாணத்தைச் சொல்லச் சொல்ல, சுத்தப் பிரதி எழுதியது உலகநாதன். வேறு யார் இருக்கிறார்கள் எழுத? 'என் தகப்பனார் உலகநாதன் அவர்களின் வீட்டோடும் ஊரோடும் எனக்கு எவ்விதத் தொடர்பும் இல்லை. அங்கே திரும்பிப் போகும் எண்ணமும் எனக்கு இல்லை.' எழுத்து முத்து முத்தாக விழுந்தது. ஒரு இடத்திலாவது கை நடுங்கியிருக்கலாமே என்று அவருக்கே தன் கையின் மேல் ஆத்திரம் வந்தது. எழுதி முடித்து, மை ஒற்றி, நீட்டினார்.

தனசிங் வாசித்துப் பார்த்தார். "நிக்கும் வேய்," என்றார். "எவனும் அசைக்க முடியாது." பிறகு என்ன தோன்றிற்றோ, "நான் வேற என்ன செய்ய முடியும், சொல்லும்," என்று கேட்டார். உலகநாதன் தாளை மடித்து உறையில் போட்டார். இருபத்தாறு வருஷத்தில் அன்றுதான் அவர் "ஆமாங்கய்யா" சொல்லவில்லை.

மாஜிஸ்திரேட் பிரமாணத்தை ஏற்றுக்கொண்டார். ஆள் அனுப்பி விசாரித்து, தஸ்தீக் எனும் சரிபார்ப்பு முடிந்ததும் சர்டிபிகேட் தருவதாகச் சொன்னார். அதுவரை பள்ளிக்கூடத்தில் சேர்ந்துகொள்ள அனுமதித்தார்கள்.

ஐந்து வாரம் அவள் வரவில்லை. ஆறாவது ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், தூறலில், குடையை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, ரயில்வே வேலி ஓரமாகச் சுற்றிப் பின்கட்டு வழியாக வந்தாள். கொஞ்சம் இளைத்திருந்தாள். விடுதியில் எல்லாவற்றிலும் உருளைக்கிழங்கு போடுகிறார்கள் என்றாள். வகுப்பில் முப்பத்தொரு பெண்கள், அதில் ஒருத்தி பேரும் அன்னக்கிளி மாதிரியே பறவைப் பேர், மைனா என்றாள். அவள் பேசப் பேச உலகநாதன் சுவரோரம் உட்கார்ந்து வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தார். நாகம்மா புளிச்சகீரை கடைந்து, சூடான சோற்றில் நல்லெண்ணெய் ஊற்றிப் பிசைந்து வைத்தாள். "துன்னு, துன்னுடி" என்று பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள். அன்னக்கிளி மூன்று உருண்டை சாப்பிட்டிருப்பாள்.

வாசலில் யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள்.

கோர்ட்டுச் சேவகன். கச்சை கட்டிய கோட்டு, கையில் நனையாமல் எண்ணெய்த் துணியில் சுற்றிய காகிதம். பக்கத்து வீட்டுச் சாட்சிக்காக மஸ்தான் பாயையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தான். மஸ்தான் பாய் பின்கட்டில் சார்த்தியிருந்த குடையைப் பார்த்துவிட்டார். சட்டென்று திரும்பிக்கொண்டு, வேலிக்கு அப்பால் நின்ற கூட்ஸ் வண்டியைப் பார்க்க ஆரம்பித்தார்.

சேவகன் உருதுவில் கேள்விகளை ஒவ்வொன்றாக வாசித்தான். மகள் இந்த வீட்டில் வசிக்கிறாளா?

"இல்லை."

உங்கள் ஆதரவில் இருக்கிறாளா?

"இல்லை."

போக்குவரத்து உண்டா? இங்கே வருவதுண்டா?

உள்ளே தட்டில் கை படும் சத்தம் நின்றது. அது உலகநாதனுக்குக் கேட்டது. மனுஷர் வாழ்நாளில் எத்தனையோ பத்திரங்களில் சாட்சியாக நின்றவர். பார்க்காததைப் பார்த்தேன் என்றோ, பார்த்ததைப் பார்க்கவில்லை என்றோ ஒரு தடவையும் எழுதியதில்லை. வேட்டி முனையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"வர்றதில்லை," என்றார். சேவகன் எழுதிக்கொண்டே நிமிர்ந்து பார்க்கவும், இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொன்னார். "அவளுக்கும் இந்த வீட்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை."

கையெழுத்து வாங்கிக்கொண்டு சேவகன் போனான். அவன் கேட்டதற்கெல்லாம் ஹவ் ஹவ், ஆமாம் ஆமாம் என்று தலையாட்டியிருந்த மஸ்தான் பாய், உலகநாதனின் தோளில் ஒரு கை வைத்துவிட்டு அவரும் போனார்.

உலகநாதன் உள்ளே வந்தபோது தட்டில் சோறு அப்படியே இருந்தது. பின்கதவு திறந்து கிடந்தது. நாகம்மா தரையைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

"கையக் கழுவிக்கினு பூட்டா," என்றாள். "இன்னாய்யா சொன்ன அவனாண்ட?"

ஆடி கடைசி வாரத்தில் சர்டிபிகேட் வந்தது. அன்னக்கிளியின் வேலை நிலைத்தது. நாகம்மா மாதம் ஒருமுறை பள்ளிக்கூட வாசலுக்குப் போய், சுவரோரம் நின்று பார்த்துவிட்டு வருவாள். வீட்டுக்கு வாடி, இனி யார் கேட்கப் போகிறார்கள் என்று எத்தனையோ தடவை கூப்பிட்டும் பார்த்தாள். அன்னக்கிளி வரவில்லை. அப்பா எழுதிக் கொடுத்த சாட்சி, தன்னால் பொய்யாகிவிடக் கூடாது என்று சொல்லிவிட்டாள்.